வெறும் மிஷினும் உன் அம்மாவின் கழுத்தும்

அன்பு மகள் வளர்மதிக்கு, மானாம்பதியிலிருந்து உன் நைனா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளை செந்தமிழனும் பேத்தியும் அந்த மஸ்கட் வெயிலில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம் என்று எழுதினால் பாதி பொய்யாகிவிடும், பயப்படும்படி ஒன்றும் இல்லை, ஆனால் கடைசி வரைக்கும் படி. ஏரியில் இந்த வருஷம் நல்ல தண்ணீர், நடவு முடிந்துவிட்டது, செவலைப் பசு கிடேரிக்கன்று போட்டிருக்கிறது. வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் அம்மா பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய் வந்தாலும் உன் மௌனத்தைக் கேட்கத் தைரியம் இல்லை. அதனால் லீவு முடிந்து உங்கள் பக்கம் திரும்புகிற நம் ஊர் ஆல்வினிடம் ஊறுகாயோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன்.

என் கழுத்து வலி உனக்குத் தெரிந்த கதைதான். நெல் மூட்டை ஏற்றும்போது பிடித்துக்கொண்டது, அதிலிருந்து தலையைத் திருப்பினால் தோள் வரைக்கும் சுரீரென்று இழுக்கும். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன், புல்லுக்கட்டு, எருக்கூடை, தண்ணீர்க் குடம் எல்லாம் உன் அம்மா தலைக்குப் போயிற்று. போன முறை நீ வந்திருந்தபோது அவள் கழனியிலிருந்து கட்டோடு வருவதைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு மட்டும் கழுத்து இன்னா இரும்புலயா செஞ்சிகீது நைனா?" என்று கேட்டாய். நான் எகிறிக் குதித்தேன், வலி என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா, வெளிநாட்டுச் சம்பளம் பேச வைக்கிறதா என்றெல்லாம் கத்தினேன். நீ உள்ளே போய்விட்டாய், விமானம் ஏறுகிற அன்றைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ போன பிறகு ஒரு மெடிக்கல் காலேஜிலிருந்து ஆட்கள் நம் ஊருக்கு வந்து கழுத்து வலிக்கு ஆராய்ச்சி நடத்துகிறோம், நாள்பட்ட வலி இருப்பவர்கள் சேரலாம் என்றார்கள். அவர்களில் ஷாரோன் என்று ஒரு பெண், பிசியோதெரபி படித்தது, உத்திரமேரூர்தான் சொந்த ஊர், உன் வயது இருக்கும். என்னை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கிற்று. கழுத்தில் லேசர் மிஷின் வைப்போம், பாதிப் பேருக்கு நிஜ மிஷின், பாதிப் பேருக்கு வெறும் மிஷின், வெளிச்சமும் கீக் கீக் என்ற சத்தமும் இரண்டிலும் வரும், ஆனால் வெறும் மிஷினில் மருந்துக் கதிர் வராது, யாருக்கு எது என்பது கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுவது, எனக்கே தெரியாது, கழுத்துப் பயிற்சி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றது. "புரிஞ்சுதா ஐயா? இஷ்டம் இல்லன்னா வேணாம்" என்று திருப்பித் திருப்பிக் கேட்டது. புரிந்தது என்று கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை வளர்மதி, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மைப் பார்த்து யார் வெறும் மிஷினை வைப்பார்கள் என்று நானே ஒரு முடிவு கட்டிக்கொண்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, போகப் போக வலி இறங்கியது. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு அந்தக் குழாயைப் பிடரியில் வைத்ததும் உள்ளே சூடு பரவுகிற மாதிரியே இருக்கும். பயிற்சியையும் சொன்னபடி செய்தேன். ஆடி மாதத்துக்குள் கழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாராளமாகத் திரும்பிற்று. அதற்கப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. பாண்டுரங்கன் டீக்கடையில் நாஷ்டா சாப்பிட வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துக் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். பயிற்சி எல்லாம் சும்மா ஒப்புக்கு, லேசர்தான் உள்ளே போய் நரம்பைப் பிரித்துவிட்டது என்று டாக்டர் மாதிரி விளக்கம் சொன்னேன். அதே ஆராய்ச்சியில் சேர்ந்திருந்த பாண்டுரங்கன் தனக்கு அவ்வளவாகக் குறையவில்லை என்றதற்கு, "உனுக்கு வெறும் மிஷினுடா, மூஞ்சப் பாத்து வெச்சிக்கிறாங்க" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தேன்.

ஆராய்ச்சி முடிந்ததும் யாருக்கு எது என்று சொல்லக் கூப்பிட்டார்கள். தனித்தனியாக உள்ளே அழைத்துத்தான் சொன்னார்கள். என் முறை வந்தபோது நான் வாசலிலேயே நின்றுகொண்டு, பெரிய மனுஷத்தனமாக, "இதுல இன்னா ரகசியம், எல்லாரும் கேக்கட்டும், இங்கியே சொல்லும்மா" என்றேன். ஷாரோன் தயங்கிற்று. "உள்ள வாங்க ஐயா, உக்காந்து பேசலாம்" என்று கெஞ்சுகிற மாதிரி சொன்னது. நான் விடவில்லை, சொன்னால்தான் ஆயிற்று என்று நின்றேன். அது குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு வெச்சது வெறும் மிஷின் ஐயா" என்றது. என் காதில் விழுவதற்கு முன்னால் பின்னால் நின்ற பாண்டுரங்கன் காதில் விழுந்துவிட்டது. அவனுக்கு வைத்தது நிஜ மிஷினாம். அவன் சிரித்த சிரிப்பில் வரிசையே சிரித்தது. "கரண்ட்டே இல்லாத மிஷினு வேதகிரிக்குக் கழுத்த திருப்பிடுச்சிடா, அப்ப வலியும் சும்மாதான் இருந்துகீது" என்றான். எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. வழியில் யாரைப் பார்த்தாலும் குனிந்துகொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு டீக்கடைப் பக்கமே போகவில்லை. சிரித்தது கூடப் பரவாயில்லை, அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் குடைந்தது. வலி நிஜமாகவே இல்லையோ, இத்தனை நாள் நடித்தேனோ, எனக்கே தெரியாமல் நடித்தேனோ. ஷாரோன் போன் செய்தால் எடுக்கவில்லை. கடைசியாக ஒரு முறை கழுத்தை அளந்து பார்க்க வேண்டும் என்று அதுவே ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்துவிட்டது. என்னைப் பேஜார் பண்ணிவிட்டீர்கள், ஊர் சிரிக்கிறது, போய்விடு என்று மரியாதை இல்லாமல் பேசினேன். அது கோபப்படவில்லை. "உங்க வலி பொய்யில்ல ஐயா, கொறஞ்சதும் பொய்யில்ல. திருப்பினா ஏதாவது ஆயிடும்னு பயந்துகினு ஆட்டாமலே வெச்சிருந்தீங்க. ஒருத்தர் பக்கத்துல இருந்து பாத்துகினாங்க, பயிற்சி செஞ்சீங்க, பயம் போச்சு. எங்க ஆராய்ச்சியில நிஜ மிஷினுக்கும் வெறும் மிஷினுக்கும் பெருசா வித்தியாசமே வரல, வேற எடத்துல வேற மாதிரி வரலாம். அது தெரியறதுக்குத்தான் இவ்ளோ பாடு" என்றது. கேட்கக் கேட்க எனக்கு மூச்சு வந்தது. நான் பொய்யன் இல்லை, அது போதும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்த நேரம் உன் அம்மா கழனியிலிருந்து புல்லுக்கட்டோடு வந்து கட்டை இறக்கினாள். பக்கவாட்டிலிருந்து ஷாரோன், "நல்லா கீறீங்களாம்மா" என்று கூப்பிட்டது. உன் அம்மா தலையை மட்டும் திருப்பவில்லை, மரப்பாச்சி மாதிரி உடம்போடு முழுசாகத் திரும்பினாள். அந்தப் பெண் எழுந்து போய், "கழுத்த மட்டும் திருப்புங்க பாக்கலாம்" என்றது. அவளால் முடியவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "அது கீது ரெண்டு மூணு வருஷமா. கையும் மரத்துப் பூடுது, குடத்தப் புடிச்சா நழுவுது" என்றாள் சாதாரணமாக. ஊருக்கே வந்து அத்தனை பேருக்கும் ஆராய்ச்சி நடத்தினோமே, ஏன் சொல்லவில்லை என்று ஷாரோன் கேட்டது. உன் அம்மா சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டே சொன்னாள், "ஒரு வூட்ல ரெண்டு பேருக்கும் கழுத்து வலின்னா மாட்டுக்கு யாரு புல்லு எடுத்தார்றது?"

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை, பால் விலை சொல்கிற மாதிரி சொன்னாள். ஷாரோனும் என்னைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் கூடத் தேவலாம். பாண்டுரங்கன் வரிசையில் சிரித்தபோது பட்ட வெட்கம் ஒரு வெட்கமே இல்லை வளர்மதி. வலி இருந்த வரைக்கும் நான் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இருந்தது என்று வைத்துக்கொள். ஆடியிலேயே என் கழுத்து சரியாகிவிட்டதே. அதற்கப்புறமும் ஒரு நாள் கூட அந்தக் கட்டை நான் தொடவில்லை. டீக்கடையில் கழுத்தைச் சுழற்றிக் காட்டிக்கொண்டு நின்றபோது அவள் கட்டோடு அந்த வழியாகவே போயிருக்கிறாள், நான் வழிவிட்டிருக்கிறேன். எடுக்கக்கூடாது என்று நினைத்து இல்லை, எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றவில்லை என்பதைத்தான் உன்னிடம் எழுத எனக்குக் கை கூசுகிறது.

மறுநாளே ஷாரோன் கூட இருந்து பெரியாஸ்பத்திரியில் காட்டிற்று. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். கழுத்து எலும்புக்கு நடுவில் நரம்பு நசுங்குகிறதாம், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கை விளங்காமல் போயிருக்கும் என்றார் டாக்டர். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், மாத்திரையும் பயிற்சியும் போதும், தலையில் மட்டும் எதையும் வைக்கக்கூடாது. எனக்கு வைக்காத அந்த நிஜ லேசரை அவளுக்கு வைத்துவிடும்மா என்று ஷாரோனிடம் கேட்டேன், அவங்க வலி வேற ஐயா, அதுக்கு இது மருந்தில்ல என்றது. இப்போது புல்லை நான்தான் அறுத்து வரப்பு வரைக்கும் தோளில் எடுத்து வந்து டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு வருகிறேன். டீக்கடையைத் தாண்டும்போது பாண்டுரங்கன், "இன்னா வேதகிரி, இப்பதான் கரண்ட் வந்துச்சா?" என்கிறான். நான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

உன் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சியில் ஒன்றுக்கு இன்னொரு ஆள் வேண்டும். எதிரில் நின்று நெற்றியில் உள்ளங்கையை வைக்க வேண்டும், அவள் தலையை அசைக்காமல் கையை மெதுவாகத் தள்ள வேண்டும். முதல் நாள் கதவைச் சாத்தச் சொன்னாள், யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குக் கூச்சம். எனக்கும்தான், இத்தனை வருஷத்தில் அவள் நெற்றியில் காய்ச்சலுக்குக் கூட நான் கை வைத்துப் பார்த்ததில்லை. நெற்றி கையில் பட்டும் படாமலும் தள்ளினாள், கண்ணை மூடிக்கொண்டாள். அப்படியே கொஞ்ச நாள் ஓடிற்று. நேற்று, "கைய கெட்டியா வெய்யா" என்றாள். வைத்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே தள்ளினாள், ஷாரோன் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தள்ளினாள். தள்ளட்டும் என்று கையை எடுக்காமல் நின்றேன்.

நீயும் லேபில் நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறாய், அடிக்கடி எழுந்து கழுத்தை அசைத்துக்கொள். வலித்தால் மாப்பிள்ளையிடம் வாய் திறந்து சொல்லிவிடு, அடக்கிக்கொள்ளாதே. அடுத்த முறை போன் செய்யும்போது என்னை விசாரிப்பதற்கு முன்னால் அம்மாவின் கை மரப்பு எப்படி இருக்கிறது என்று கேள், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். என்னோடு பேச மனம் வரும்போது பேசு, அவசரம் இல்லை. பேத்திக்கு என் முத்தங்கள். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடும் ஆரோக்கியத்தோடும் இருக்க வேண்டும் என்று அந்த ஈசுவரனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்க முடியாமல் தலைகுனிந்து நிற்கும் நைனா,
வேதகிரி
மானாம்பதி