பொறுப்பாளர் பெயர் எழுத வேண்டிய இடம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம், என் முழங்கால் வலியும் உன் அப்பாவின் கோபமும் மட்டும் இருந்தபடியே இருக்கின்றன. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் உன் தம்பிக்கு முப்பத்திரண்டு வயது முடிந்தது. பல் தேய்க்க இன்னும் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும், சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறான், ஒரு ஓட்டை தள்ளி. எங்களுக்குப் பிறகு இவன் கதி என்ன என்று கேட்கத்தான் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தோம். வீட்டையும் சேமிப்பையும் இவன் பெயருக்கே எழுதிவிடுகிறேன் என்றார் அப்பா. அப்படிச் செய்தால் சொத்துக்காரன் என்று சொல்லி மாதாமாதம் வரும் உதவித்தொகையை நிறுத்திவிடுவார்களாம், ஆசை வார்த்தை சொல்லிக் கையெழுத்து வாங்கவும் ஆள் வருமாம். அதனால் எல்லாவற்றையும் ஒரு டிரஸ்ட்டில் வைத்து, இவனுக்காகப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்ய ஒருவரைப் பொறுப்பாளராகப் போட வேண்டும் என்றார் வக்கீலம்மா.

டிரஸ்ட் என்ற சொல்லை அப்பா உன் மாமாவின் காதில் போட்டுவிட்டார், அவ்வளவுதான். மறுநாள் காலையிலேயே இஸ்திரி கலையாத சட்டையில் வந்து இறங்கினான். தலைவர் பதவிய நான் எடுத்துக்கறேன்க்கா, போர்டு எழுத ஆள் சொல்லிட்டேன், திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம்னு மட்டும் சொல்லு என்றான். அவன் போய் அரை மணி நேரத்தில் உன் அத்தை போன் செய்து, பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்கு நம் டிரஸ்ட்டில் மனுப் போடலாமா என்று கேட்டாள். இது ஊருக்குத் தர்மம் செய்ய இல்லை, நம் பிள்ளை ஒருவனுக்குத்தான் என்று இருவருக்கும் விளக்கினேன். சொல்லி வைத்தது போல இருவரும், அதுக்கு எதுக்கு டிரஸ்ட், நான் இருக்கேன்ல என்றார்கள். இதைத்தான் முப்பத்திரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருக்கிறார்கள்தான், எங்கே என்றுதான் தெரிவதில்லை.

வக்கீலம்மா நிரப்பித் தரச் சொன்ன பாரத்தில் ஒரு தாள் உண்டு. பையனுக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவான், அழுதால் எப்படிச் சமாதானம் செய்வது என்றெல்லாம் எழுத வேண்டும். அதை மாமாவிடம் நீட்டினேன். நல்ல பையன் என்று எழுதினான், பேனா நின்றுவிட்டது. கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன்க்கா என்று எழுந்தான். கண்ணாடி அவன் மூக்கின்மேல்தான் இருந்தது.

நீயும் ஞாயிற்றுக்கிழமை போனில் நான் இருக்கேன்மா என்றுதான் சொல்கிறாய். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை, சரி, கொஞ்சம் குத்தத்தான் எழுதுகிறேன். நேற்று வக்கீலம்மா உன் தம்பியையே உட்காரவைத்து, அம்மா அப்பாவுக்கு அப்புறம் உன்னை யாருப்பா பாத்துக்கணும், அக்கா பேரைப் போடலாமா என்று கேட்டார். அவன் யோசிக்கவே இல்லை. அக்காவுக்கு வேலை இருக்கு என்றான். உன்னோடு பேச வேண்டும் என்று அவன் போனைத் தூக்கும்போதெல்லாம் நான் அதை வாங்கி வைத்துவிட்டுச் சொல்லும் பதில் அது. வக்கீலம்மா சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது. உன்னைக் குறை சொல்லவில்லையடி, அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

பாரத்தை இதோடு வைத்திருக்கிறேன். பொறுப்பாளர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி போட்டிருக்கிறேன். முடியாது என்றால் முடியாது என்றே எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன், கட்டணம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைப் பார்க்கிற அலுவலகங்கள் இருக்கின்றனவாம். முடியும் என்றால் அந்த இன்னொரு தாளையும் நீயே நிரப்பு. தெரியாததை எனக்குப் போன் செய்து கேட்காதே, அவனைக் கூப்பிட்டுக் கேள்.

நோய் நொடி இல்லாமல் எல்லோரும் நீண்ட காலம் நன்றாக இருங்கள், குழந்தைக்கு என் முத்தம். தபால் போய்ச் சேர நாளாகும், பார்த்ததும் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா