பொட்டு வைத்த பம்புகள்

கணபதி, கோயம்புத்தூர்
ஐப்பசி, வியாழக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

பிரியா எழுதுவது. நானும் நம் பொண்ணு இனியாவும் சுகம். தூத்துக்குடியில் நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மருதமலையானை வேண்டிக்கொள்கிறேன். போனை எடுத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. வாட்ஸப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில்தான் வரக் காணோம். அதனால் துறைமுகத்துக்கு நூல் ஏற்றிப்போகும் லாரி டிரைவரிடம் இதையும் கொள்ளுப் பொடியையும் கொடுத்தனுப்புகிறேன்.

கப்பலேறாமல் திரும்பி வந்த பம்புகளைப் பிரித்துப் பார்த்தோம். நீங்கள் சொன்னது நிசம்தான். ஒவ்வொன்றிலும் பொட்டு வைத்த இடத்தில் மட்டும் உப்புக்காற்று பட்டுத் துரு. துருப்பிடிக்காமல் பூசிய எண்ணெய் மேல் சந்தனம் ஒட்டாது என்று அங்கே துடைத்துவிட்டுத்தான் ஆயுத பூசையன்று பொட்டு வைத்தோம். பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் அப்படித்தானே இத்தனை வருசம் அனுப்பினோம்? ஒரு பம்பாவது துருப்பிடித்ததா? நம் பம்பு ஷெட்டில் சுப்பையண்ணனுக்கு மனசே ஆறவில்லை. “சாமி பொட்டு வெச்சதுக்குத் திருப்பி அனுப்பிப்போட்டாங்களே அம்மணி” என்று அன்றைக்கு மதியச் சோற்றைக்கூடத் தொடவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். பொட்டு வைக்கும் பழக்கத்தை ஆரம்பித்தது யாருங்க? நீங்கள் வைத்தால் பக்தி, நான் வைத்தால் புத்தியில்லாத வேலையா? “கடலைப் பத்தி உனக்கென்ன தெரியும், பேசாம ஷெட்டை வித்துப்போட்டு வந்து சேரு” என்று போனை வைத்துவிட்டீர்கள். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்பார்கள். அந்தக் குணத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஊரை நான் குறைத்துச் சொல்லவில்லை. முத்துக் குளித்து, உப்பு ஏற்றி, பாய்மரக் காலத்திலேயே சீமைகளோடு வியாபாரம் செய்த ஊர் என்று இனியா தேடிப் படித்துக் காட்டினாள். நீங்கள் அனுப்பிய படங்களில் அனல்மின் நிலையப் புகைபோக்கியும் கண்டெய்னர் அடுக்கும் பார்த்தபோது எனக்கே மலைப்பாக இருந்தது. நம் ஊரில் கடல் இல்லைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். எந்தத் துறைமுகத்துக்கும் சரக்கு செய்து அனுப்ப உள்ளே ஒரு ஊர் வேண்டும். அந்த ஊராக நாம் இருந்தால் என்ன குறைச்சல்? வார்ப்படம் பீளமேட்டில் கிடைக்கிறது, மோட்டார் காயில் சுற்றுபவர் பக்கத்துச் சந்தில் இருக்கிறார். ஒரு போல்ட்டு குறைந்தால் டீ ஆறுவதற்குள் வந்துவிடும். இதையெல்லாம் லாரியில் ஏற்ற முடியுமா?

அதனால் ஷெட்டை விற்க எனக்குச் சம்மதமில்லை. இதை முகத்துக்கு நேராகச் சொல்லத்தான் ஆசை. நீங்கள் அங்கே குடோன் வைத்து கப்பல் வேலையைப் பாருங்கள், நான் இங்கே லேத்தைப் பார்க்கிறேன். அரைப்பரீட்சை லீவில் இனியாவோடு வந்து உங்கள் கடலையும் பார்த்துவிடுகிறேன். ஆனால் நீங்கள் வரவே மாட்டீர்களோ என்றுதான் பயமாக இருக்கிறது. அது மட்டும் எனக்குத் தாங்காது மாமா.

துருவைத் தேய்த்தெடுத்து, பம்பு முழுக்கக் கிரீஸ் பூசி, தாள் சுற்றிப் பெட்டியில் அடைத்தாகிவிட்டது. இனிமேல் இரும்பில் பொட்டு கிடையாது, மரப்பெட்டி மேல்தான் என்று சொல்லிவிட்டேன். சுப்பையண்ணனுக்கும் அதில் திருப்திதான். எல்லாப் பெட்டிக்கும் அவரே வைத்தார், கடைசிப் பெட்டியை மட்டும் நான் விடவில்லை. முதல் லோடிலிருந்து கடைசிப் பம்புக்கு நீங்கள்தான் வைப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை லாரி வரச் சொல்லியிருக்கிறேன். சந்தனம் கரைத்து வைப்பேன். நீங்கள் வராமல் அந்தப் பெட்டி ஏறாது.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
பிரியா