உழவு ஆரம்பிச்சாச்சா?

அன்புள்ள அப்பாவுக்கு,

ஐதராபாத்திலிருந்து வானதி. நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி தேவலையா? நான் பி.எட். சேராம மொழியியல் எடுத்ததிலிருந்து நீங்க என்கூட போன்ல பேசுறதில்ல, அதான் எழுதுறேன்.

நேத்து வகுப்புல ஆளுக்கு ஒரு வாக்கியம் தாய்மொழியில சொல்லணும், மத்தவங்க ஒலியைக் கேட்டு எழுதணும். என் வாயில சட்டுன்னு வந்தது, "அப்பா, உழவு ஆரம்பிச்சாச்சா?" அந்த ழ யாருக்கும் பிடிபடல. பேராசிரியர் திரும்பத் திரும்பச் சொல்ல வச்சார். பத்துத் தடவையாவது உங்களைக் கேட்டிருப்பேன்.

பக்கத்துல இருந்த மணிப்பூர்ப் பொண்ணு அர்த்தம் கேட்டுட்டு, "உங்கப்பா என்ன சொன்னார்?"னு கேட்டா. "ஆரம்பிச்சாச்சுன்னார்"னு சொல்லிட்டேன்.

அம்மாவை நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பச் சொல்லுங்க. மெஸ்ஸுக்கு நேரமாச்சு. நான் அந்த மணிப்பூர்ப் பொண்ணுகிட்ட சொன்னது சரிதானான்னு ஒரு போன் பண்ணிச் சொல்லுங்கப்பா.

உங்கள் மகள்,
வானதி