சரசுவின் தூக்கமும் அமுக்கராப் பொடியும்

ஆவணி 6, சனி

காலையிலேயே புழுக்கம். தீவன லாரி பதினொன்றுக்கு. மக்காச்சோளத்தில் ஈரம், இரண்டு மூட்டை திருப்பி அனுப்பினேன்.

சரசு நேற்று மோகனூர் போய்விட்டு வரும்போது ஸ்கூட்டரிலேயே கண் சொக்கிவிட்டதாம். வேலியோரம் போய் நின்றிருக்கிறாள். அடி இல்லை. இன்றைக்குத்தான் சொல்கிறாள், அதுவும் சிரித்துக்கொண்டே. இரண்டு மாதமாகவே அவளுக்குத் தூக்கம் சரியில்லை, ராத்திரி மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறாள். பெண்டாட்டியை விட்டுவிட்டு ஆறாயிரம் கோழியைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வண்டிச் சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆவணி 7, ஞாயிறு

நாமக்கல், நாட்டு மருந்துக் கடை. வாங்கியது: அமுக்கராப் பொடி, ஜாதிக்காய், கசகசா. ராத்திரி பாலில் கலக்கிக் கொடுக்க வேண்டும். அளவு கேட்க மறந்தேன். நானே கணக்குப் போட்டேன். தீவனத்தில் மருந்து சேர்க்கிற அதே கணக்கு, உடம்பு எடைக்கு இவ்வளவு என்று.

ச.விடம் எடை கேட்டேன்.

"ஏனுங்க, என்னையும் கோழி ஏவாரிக்குப் புடிச்சுக் குடுக்கறதுக்கா?"

சொல்லவில்லை. உத்தேசமாக அறுபது கிலோ.

ஆவணி 9, செவ்வாய்

தூறல். முட்டை எண்ணிக்கை நன்றாக ஏறுகிறது.

பொடி இரண்டு நாள் ஆயிற்று. பலன்: வயிற்றுப்போக்கு. தூக்கம்: அதே மூன்று மணிக்கு விழிப்பு.

பக்கத்துத் தோட்டத்து அக்கா சொன்னதால் மருதாணிப் பூ பறித்துத் தலையணை உறைக்குள் வைத்தேன். நல்ல வாசம். அருமையான தூக்கம், எனக்கு. விடிந்ததும் அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாகிவிட்டது.

"நீங்களாச்சும் தூங்குனீங்களே, வுடுங்க."

ஆவணி 11, வியாழன்

அரசு ஆஸ்பத்திரி, சித்த மருத்துவப் பிரிவு. நீள வரிசை. டாக்டரம்மா சின்ன வயசு. பொடி டப்பாவைக் காட்டினேன்.

"எந்த அளவுல குடுத்தீங்க?"

"ஒரு வேளைக்கு நாலு கரண்டிங்க. எடைக்குத் தக்கன."

"யாரு சொன்னா?"

சரசு முந்திக்கொண்டாள். "கோழிக்குப் போடற கணக்குங்க அம்மணி!"

டாக்டரம்மா சிரித்து முடிக்கவே ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு திட்டு, எனக்கு மட்டும். தைராய்டு, பிரஷர், சர்க்கரை மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாளா என்று கேட்டார். இல்லை. வயிறு சரியாகும்வரை பொடி வேண்டாம், பிறகு அவர் எழுதித் தந்த அளவு மட்டும். மத்தியானத்துக்கு மேல் டீ கூடாது.

"எத்தன மணிக்கு முழிப்பு வருது?"

"டாண்ணு மூணுங்க."

"எப்பலிருந்து?"

"ஆனி மாசத்துலருந்துங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனியில்தான் வீட்டை ஒட்டின புதுக் கொட்டகையில் கோழி விட்டேன். முட்டைக்காக விடியும் முன்பே விளக்கு எரிய வேண்டும். டைமரில் மூன்று மணி வைத்தவன் நானேதான். அந்த வெளிச்சம் நேராக அவள் படுக்கிற ஜன்னலில். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிற ஆள். வெளிச்சம் பட்டால் கோழி தூங்காது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன். நல்ல புத்திசாலி.

பஸ்ஸில் கேட்டேன், வெளிச்சம்தான் எழுப்பியதா என்று.

"தெரியுமுங்க. ஜன்னல்ல சேலையக் கட்டிப் பாத்தேன். காத்து வரல, நீங்க வேர்த்து வேர்த்துப் பொரண்டீங்க. அவுத்துட்டேன்."

"சொல்றதுக்கென்ன சாமி?"

"சொன்னா வெளக்க நிறுத்திருவீங்க. இப்பத்தானுங்க முட்டை ஏறிட்டு வருது."

"அப்பறம் எதுக்கு அந்தக் கண்றாவியெல்லாம் குடிச்சே?"

"ஆசையா வாங்கியாந்தீங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஆவணி 12, வெள்ளி

வெயில். கொட்டகைக்கு வீட்டுப் பக்கம் மட்டும் கருப்புப் படுதா. கோழிக்கு மறுபக்கக் காற்று போதும். எங்களுக்கு ஜன்னல் திறந்தே இருக்கும். சாயங்காலம் இறக்க வேண்டும், விடிந்ததும் சுருட்ட வேண்டும். தினம் வேலைதான். ஆள் யாரிடமும் விடப்போவதில்லை, நானே செய்வேன்.

ஆணி அடிக்கையில் சுத்தியல் பட்டு இடது கட்டைவிரல் வீக்கம். ச. மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டாள். "எத்தன கிலோ எடைக்கு எத்தன மஞ்சளுங்க?" என்று கேட்டுவிட்டு ஒரே சிரிப்பு.

ஆவணி 14, ஞாயிறு

ஆறரை மணி. பால்காரர் வழக்கம்போல வாசலில் ஹாரன். ஓடிப்போய்க் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"ஏனுங்க, அக்காளுக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?"

"தூங்கறா" என்றேன். அதற்கே எனக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவர் என்ன நினைத்தாரோ.

பால் பாத்திரத்தை எங்கே வைப்பாள் என்று தெரியவில்லை. எழுப்பிக் கேட்க மனசில்லை. தண்ணீர்ச் சொம்பிலேயே வாங்கிக்கொண்டேன்.