கண்ணாடிக்கு நாலு பலகை

1987 ஆகஸ்ட் 11

இன்று மட்டும் மூன்று சாமான் பெட்டி. இரண்டு ஆக்லாந்துக்கு, ஒன்று சிட்னிக்கு. மே மாதம் இந்தத் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து பா டவுனில் என் தச்சுப் பட்டறைக்குத்தான் நல்ல காலம். இந்தியர்களில் டாக்டர் நாட்டை விட்டுப் போகிறார், வாத்தியார் போகிறார். கரும்பு வெட்டுகிறவனுக்கு எவன் விசா கொடுப்பான்?

நல்ல பலகை தீர்ந்தது. இனி வெட்டுத்துண்டுகள்தான்.

ஆகஸ்ட் 19

சுமித்ரா வீட்டிலும் விசாவுக்கு மனு போட்டாயிற்றாம். இரண்டு வருடமாகப் பழகுகிறோம், என்னிடம் நேராகச் சொல்லவில்லை. செத்துப்போன அம்மாவின் வட்டக் கண்ணாடியைக் கொண்டுவந்து, "உடையாம கட்டித் தா, மிஸ்திரி" என்றாள். குறுக்களவு இருபது அங்குலம்.

ஆகஸ்ட் 23

பெட்டிக்குள் கண்ணாடியைப் பிடிக்க ஒரு சட்டம். நாலு துண்டு, சுற்று வரிசையில்: 25, 23, 19, 21 அங்குலம். எல்லாம் வேறு வேறு. மூலைக்கு ஓர் ஆணி மட்டும் அடித்துச் சாய்த்துப் பார்த்தேன். எப்படிச் சாய்த்தாலும், நாலு பலகையையும் தொடுகிற ஒரு வட்டத்தை உள்ளே வரைய முடிகிறது! ரொம்பச் சாய்த்தால் சிறுக்கிறது, ஆனால் எந்தப் பலகையையும் விடுவதில்லை. ஏன்? எதிரெதிராகக் கூட்டினேன். 25-ம் 19-ம் 44. 23-ம் 21-ம் 44. இரண்டும் சமம், அதனால்தான்.

வேலை ஓடவில்லை. சட்டத்தை மடியில் வைத்துச் சாய்த்துக்கொண்டே இருந்தேன். சர்க்கரை ஆலைப் பக்கமிருந்து பாகு வாசனை. நானும் சுமித்ராவும் ஒரு வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன் — சுவரெல்லாம் கோணல், எங்கேயும் இடிக்கவில்லை.

செப்டம்பர் 26

நேற்று மறுபடியும் ராணுவம். சுமித்ரா வீட்டுக்கு விசாவும் வந்துவிட்டது.

"நீயும் வாயேன்" என்றாள்.

"தச்சன எவன் கூப்பிடுறான்?"

"அரே, அப்ப 'போகாதே'ன்னாவது சொல்லேன்."

என் வாயில் ஆணிகள் இருந்தன. எடுக்கவில்லை.

செப்டம்பர் 28

19-ஐ எடுத்துவிட்டுப் பத்தொன்பதரை வைத்தேன். தெரிந்தேதான். மூன்று பக்கம் பிடிக்கும், நாலாவது பிடிக்காது. வைக்கோல் திணித்தால் யாருக்கும் தெரியாது. கப்பல் ஆடினால் போதும், உடைந்துவிடும். போகட்டும்.

செப்டம்பர் 30

பெட்டியைக் கொண்டுபோய்விட்டார்கள்.

சீ. துப்பாக்கிக்காரனிடம் காட்டாத கோபத்தை ஒரு கண்ணாடியிடம் காட்டியிருக்கிறேன்.

அக்டோபர் 2

முதல் பஸ்ஸில் லவுதோகா துறைமுகம். வழியில் மூன்று இடத்தில் சோதனை. பெட்டியைத் திறந்தேன்.

அவள் அப்பா ராமசாமி கத்தினார்: "ஏத்துற நேரத்தில என்னய்யா பண்ற?"

"அளவு தப்பு, மாமா."

சுமித்ரா கண்ணாடியை அணைத்துக்கொண்டு நின்றாள். "தெரியாமத்தானே?"

"தெரிஞ்சுதான்."

அந்தப் பலகையில் அரை அங்குலம் அறுத்து முடித்தேன். அவள் கண்ணாடியை உள்ளே வைத்தாள். நாலு பலகையும் கண்ணாடியைத் தொடும்வரை சட்டத்தை அவள் சாய்த்துப் பிடிக்க, நான் மூலைகளை இறுக்கினேன்.

'போகாதே' சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. "பாத்துப் போ" என்றேன்.

பெட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக் குலுக்கிப் பார்த்தோம். சத்தமே இல்லை.