தேதி எழுதாத டிக்கெட்

பிப்ரவரி 11, செவ்வாய். அஜ்மான்

இன்றும் சண்டை. கிளினிக்கில் டியூட்டி முடித்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, இவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மே மாதம் பாரிசில் இறங்கி, ரயிலில் ரோட்டர்டாம் போய், என் தம்பி ஜெரிஷைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் ஊர் சுற்றித் திரும்ப வேண்டும். அதற்கு ஒவ்வொரு ரயிலுக்கும் இப்போதே டிக்கெட் போட வேண்டுமாம். நான் கேட்பது பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து எடுக்கும் ஒரே பாஸ்.

“முன்கூட்டி எடுத்தா பாதி வெலதான் பிள்ள. ஒனக்க பாஸ் என்னத்துக்கு? ஆன வெல சொல்லுகான்.”

என் வீட்டுக்காரர் செல்வசிங் ஏ.சி. டெக்னீஷியன். எல்லா ஸ்க்ரூவும் முறுக்கி வைத்தால்தான் தூக்கம் வரும். எனக்கு ஒரே கேள்வி: அன்றைக்குக் கப்பல் வராவிட்டால்?

ஜெரிஷுக்குச் சரக்குக் கப்பலில், இன்ஜின் ரூமில் வேலை. நான் லீவில் ஊருக்குப் போனால் அவன் கடலில். அவன் ஊரில் இறங்கினால் எனக்கு லீவ் இல்லை. ஆறு வருடமாக இதே கூத்து. அம்மா அடக்கத்துக்கு நான் போய்ச் சேர்ந்தேன். அவன் நடுக்கடலில் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்காக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இன்னும் அழவில்லை. இந்தப் பயணமே அதற்குத்தான். ஈஃபில் கோபுரமெல்லாம் அப்புறம்.

பிப்ரவரி 14, வெள்ளி

துபாய் கராமாவில் டிராவல்ஸ் வைத்திருக்கும் கௌஸ் முகம்மதுவிடம் போனோம். எங்கள் விசா வேலையும் அவர்தான் பார்க்கிறார்.

“தேதி மாறாதுன்னா டிக்கெட் லாபம்க்கா. மாறும்னா பாஸ். என்னைக்குப் போறீங்களோ அந்த நாள் மட்டும்தான் கழியும், அன்னைக்குப் பூரா எத்தனை ரயில் வேணாலும் ஏறலாம். ஆனா பாரிஸ் போற வர்ற வேக வண்டிக்கு பாஸ் இருந்தாலும் சீட்டுக்குத் தனியா கட்டணும்.”

அந்தக் கடைசி வரிக்கு இவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

பிப்ரவரி 15

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வளைகுடாவுக்கு வந்த நாள் முதல் டிக்கெட் என்றால் கம்பெனி தருவது. தேதியை அவர்கள் போடுவார்கள், நாம் பெட்டி கட்ட வேண்டும். வேலை போனால்கூட ‘டிக்கெட் கொடுத்துட்டான்’ என்றுதான் சொல்கிறோம். என் கல்யாணத் தேதியும் இவருடைய லீவைப் பார்த்து வைத்ததுதான். நானாக ஒரு தேதி போட்டதே இல்லையா?

பாஸ் எடுக்கிறேன். என் சம்பளம், என் தம்பி. கலாஸ், பேச்சு முடிந்தது.

பிப்ரவரி 16

சமாதானம். பாரிசிலிருந்து ரோட்டர்டாம் போகவும், கடைசியில் பிரஸ்ஸல்ஸிலிருந்து பாரிஸ் திரும்பவும் அவர் சொன்ன டிக்கெட். நடுவில் இரண்டு பேருக்கும் பாஸ். “நடுவுல ஒனக்க ராஜ்ஜியம்” என்றார். இருக்கட்டும்.

மே 6. ரோட்டர்டாம்

சீட்டு, ஜன்னல், நேரம் எல்லாம் டிக்கெட்டில் போட்டபடி. இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார். நாளை மறுநாள் கப்பல் வருகிறது. ஜெரிஷுக்குக் கொண்டுவந்த மீன் ஊறுகாய் பாட்டில் உடையவில்லை.

மே 7

காலையில் ஜெரிஷின் வாய்ஸ் மெசேஜ். “எக்கா, ரோட்டர்டாம் மாபி, கெடயாது. ஹார்பர்ல எடமில்லியாம், நேரா ஹாம்பர்க் போகச் சொல்லிட்டானுவ. வெள்ளிக்கெழம சாயந்திரம் வெளிய விடுவானுவ. நீங்க எப்பிடி... சரி எக்கா, விடு.”

விடவா? எப்பிடி விட? இவ்வளவு தூரம் வந்தும்... கர்த்தாவே, இது என்ன வெளயாட்டு? கட்டிலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, “ஹாம்பர்க் எந்த நாடு?”

“ஜெர்மனி.”

“ஒனக்க பாஸ் அங்கயும் செல்லுமா?”

செல்லும்! எனக்கே அப்போதுதான் உறைத்தது. அழுகையை நிறுத்திவிட்டுப் பெட்டி கட்டினேன்.

மே 8

பாஸில் இன்றைய தேதியை நானே போட்டேன். போனில் ஒரு விரல், அவ்வளவுதான். யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை.

இரண்டு இடத்தில் வண்டி மாறினோம். சீட்டு பதிவு செய்யாததால் பாதி வழி கதவருகே பெட்டி மேல் உட்கார்ந்து வந்தோம், இவருடைய முணுமுணுப்புக்குக் குறைவில்லை. ஜெர்மனி ஸ்டேஷன்களில் கார்டைத் தட்டினால் திறக்கும் கேட் எதுவும் கிடையாது. துபாய் மெட்ரோவில் நோல் கார்டைத் தட்டியே பழகிய மனுஷன், எங்கே தட்டுவது என்று தூண் தூணாகச் சுற்றினார். ரயிலில் பெண் பரிசோதகர் வந்ததும் அந்த அம்மா கேட்கும் முன்பே போனை நீட்டினார். அவர் தலையாட்டிவிட்டுப் போன பிறகுதான் இவருக்கு மூச்சு வந்தது.

மே 9, வெள்ளி. ஹாம்பர்க்

பார்த்துவிட்டேன்.

துறைமுகத்தில் கப்பல்காரர்களுக்கென்று ஒரு கிளப் இருக்கிறது. வேனிலிருந்து கடைசி ஆளாக இறங்கினான். என் தம்பிக்கு முடி நரைத்துவிட்டது.

“எக்கா, கெழவியாயிட்ட.”

“போடா, நீ கண்ணாடி பாத்தியா?”

அம்மா கடைசியாக அவன் பெயரைச் சொன்னாள் என்று ஊரில் கேட்டதைச் சொன்னேன். போனில் சொல்லாமல் வைத்திருந்தது. இரண்டு பேரும் அழுதோம், நன்றாக, சத்தமாக. பக்கத்தில் பில்லியர்ட்ஸ் ஆடிய பிலிப்பைன்ஸ்காரர்கள் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். செல்வசிங் போய் அவர்களுக்கும் சேர்த்துக் காப்பி வாங்கி வந்தார். பிறகு ரொட்டியில் மீன் ஊறுகாய் தடவித் தின்றோம், சிரித்தோம். மனசு எவ்வளவு லேசாக இருக்கிறது!

வேன் ஏறும்போது சொன்னான்: “அடுத்து ஆண்ட்வெர்ப். அதுக்குள்ள நீங்க பாரிஸ் போயிருவிய.”

மே 12

பாஸில் இன்று கடைசி நாள். காலையில் ஹாம்பர்க்கில் ஏறி பிரஸ்ஸல்ஸ் வந்தோம். நாளை பாரிஸ் டிக்கெட், அது மாறாது. வழியெல்லாம் ஆண்ட்வெர்ப் பேச்சையே நான் எடுக்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, இன்னும் கேட்டால் பேராசை என்று இருந்தேன்.

ஸ்டேஷனில் திடீரென்று இவரைக் காணவில்லை. தேடினால், ரயில் நேரம் ஓடும் போர்டுக்கு அடியில் அண்ணாந்து நிற்கிறார்.

“ஆண்ட்வெர்ப் இஞ்சேருந்து பக்கந்தான். ஜெரிஷிட்ட பேசிட்டேன், கப்பல் முந்தியே வந்துட்டாம், சாயந்திரம் வெளிய வருவான். பாஸ் ராத்திரி வர செல்லும்லா? ஏறு பிள்ள!”

ஏறிவிட்டோம். இதை அந்த ரயிலில்தான் எழுதுகிறேன். எதிர் சீட்டில் இவர் கராமா கௌஸ் முகம்மதுவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார்: “பாய், யூரோப்புன்னா பாஸுதான் பாய். நாந்தான் அப்பவே இவகிட்ட சொன்னேன்...”

சொல்லிக்கொள்ளட்டும். தேதி போட்டது நான்.