நீ திருப்பிக் கொடுத்த கதிரை

நண்பனே,

இன்று காலை கொல்லைப்புறத்தில் நான் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. முதலில் பயந்தேன். பிறகு உன் ஞாபகம் வந்து கொஞ்சம் சிரித்தும்விட்டேன்.

நாம் ஒரே தோணியில் மன்னாருக்கு வந்து, காட்டு வழியே கண்டிச் சீமைக்கு நடந்தவர்கள். எழுதத் தெரிந்ததால் நான் இந்தக் கோப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை ஆனேன். நீ ஸ்டோர் காவல்காரன் ஆனாய். உட்கார்ந்தே இருந்த அந்தக் காலத்தில்தான் உனக்கு நீரிழிவு கண்டது. நாவலப்பிட்டி வைத்தியர் கசாயம் கொடுத்து, சோற்றைக் குறைத்து, "நல்லா வேர்க்க நடக்கணும்" என்றார். நீ நேராகத் துரையிடம் போய், ஒருவரும் தொட விரும்பாத தபால் பையைக் கேட்டு வாங்கினாய். தினமும் மலையிறங்கி நாவலப்பிட்டிக்குப் போய், மறுபடி ஏறி வந்தாய். சில மாதத்தில் தாகம் தணிந்தது, எறும்பும் வரவில்லை.

நோய் போய்விட்டது என்று நான் நம்பிவிட்டேன். என் புத்தி அவ்வளவுதான். நீ மழையில் நனைந்து வருவதைப் பார்க்கச் சகிக்காமல், துரையிடம் கெஞ்சி, ஆபீஸ் வாசலில் சாய்ந்து உட்கார உனக்கொரு கதிரை போடவைத்தேன். துரை கூப்பிட்டால் எழுந்தால் போதும். என் மனம் நோகக்கூடாது என்று நீயும் உட்கார்ந்தாய்.

சில வாரம் கழித்து என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாய்.

"கணக்கப்பிள்ள, நீ எனக்குக் கதிர குடுத்த, எறும்புக்கு விருந்து வச்சிட்ட. பைய திருப்பிக் குடு."

எனக்குக் கோபம். "நல்லது செஞ்சா இதுதானா?" என்றேன்.

"நல்லதுதான் செஞ்ச. ஆனா நான் நடந்த நடையெல்லாம் இந்தக் கதிர தின்னுருச்சு."

மறுநாள் பையோடு இறங்கிய உன் பின்னால், முறைத்துக்கொண்டே நானும் வந்தேன். திரும்பும்போது ஏற்றத்தின் முதல் வளைவிலேயே உனக்கு மூச்சு வாங்கியது. மாதக்கணக்காய்ச் சேர்த்த பலம் அதற்குள் போயிருந்தது. கோப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் சிரித்தார்கள். நீ வளைவோரத்தில் இருந்த ஒரு கல்லில் கைவைத்து நின்று, பிறகு ஏறினாய். முதலிலிருந்து தொடங்க உனக்கு வெட்கமே இல்லை. எறும்பு வரவில்லை என்று ஒருநாள் நீ வந்து சொன்னபோது, உன் முகத்தில் அப்படியொரு மிடுக்கு.

கடைசியில் உன்னைக் கொண்டுபோனது மழைக்காலக் காய்ச்சல். நீரிழிவிடம் நீ தோற்கவே இல்லை. அதை யாரிடம் சொன்னாலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

ஆனால் ஒன்று. நீ திருப்பிக் கொடுத்த கதிரை சும்மா கிடக்கவில்லையடா. நான் உட்காரும் பலகையைவிட வசதியாக இருக்கிறதென்று அன்றைக்கே நான் அதில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடமும் எழவில்லை.

இன்று தபால் பையை நானே கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினேன். "கணக்கப்பிள்ள கூலி வேல பாக்கிறாரே" என்று கூலிகள் குடியிருக்கும் லயத்தில் ஒரே பேச்சு. வைத்தியரைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறும்போது, முதல் வளைவில் உன் கல்லில் கைவைத்து நின்றேன். வெட்கமாக இல்லை.

வந்து சேர்ந்ததிலிருந்து கால் கெஞ்சுகிறது. கதிரை பக்கத்தில்தான் இருக்கிறது. இந்த மடலை நான் நின்றுகொண்டே எழுதுகிறேன்.